செலவு

சி டிரைவ் சிவந்துவிட்டது.
நூற்றறுபதில் மிச்சம் அரை ஜிபி,
அதுவும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குறைகிறது.
ராயக்கோட்டையில் சித்திரை மாதத்துக் கிணறு மாதிரி
என்று சொல்லலாம்.
வேண்டாம், கிணறு இதைவிட மெதுவாகத்தான் வற்றும்.

நாளை மறுநாள் இருபதாம் தேதி.
இரண்டு உரக்கடை, ஒரு டயர்க்கடை,
பில்லை எல்லாம் பையில் திணித்துக் கொடுக்கும் ஒரு சிமெண்ட் ஏஜென்சி,
எல்லார் ஜிஎஸ்டியும் இந்தப் பெட்டிக்குள்.
சேமி என்றால்
இடமில்லை என்கிறது.

திம்மராயனுக்குப் போன் போட்டேன்.
கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் கடை.
பதினாலு வருஷத்துக்கு முன்னால் இதைக் கோத்துக் கொடுத்தவர்.
"இன்னுமா ஓடுது?" என்றார்,
படுத்துக் கிடக்கும் சொந்தக்காரரை விசாரிப்பதுபோல.
"புது டிஸ்க் போட்டுடலாம்க்கா, ரெண்டாயிரத்து ஐநூறு."
வியாழனுக்குள் முடியுமா என்றேன்.
தேன்கனிக்கோட்டையில் கல்யாணமாம், வெள்ளிதான் வருவாராம்.
"அதுவரைக்கும் குப்பையைக் கூட்டித் தள்ளுங்க."

கூட்டினேன்.
கொழுந்தனாருக்குப் பெண் பார்த்தபோது வந்த போட்டோக்கள்
மூன்று இடத்தில்.
(அவருக்கு இப்போது இரண்டு பிள்ளைகள்.)
பிரிண்டரின் டிரைவர் இருக்கிறது,
பிரிண்டரைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று.
புதிய ஃபோல்டர், அதற்குள் புதிய ஃபோல்டர்,
அதற்குள் ஒன்றுமில்லை.
ஒரு பைட்டும் பிடிக்காத ஒன்றுமில்லை.
அதை அழித்தாலென்ன, விட்டாலென்ன.
யாமினியின் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டை மட்டும்
தாண்டிப் போனேன். ஓசூரில் நைட் ஷிஃப்ட்டில் இருப்பாள்,
கேட்டால் "போடும்மா தூக்கி" என்பாள்.

பிறகு குப்பைத் தொட்டி.
அழித்ததெல்லாம் அழியாமல் உட்கார்ந்திருந்தது
தேதி வாரியாக.
அதில் நான் போடாத ஒன்று,
நாற்பது விநாடி வீடியோ.

தக்காளி கிரேட்டுகளை ஒவ்வொன்றாகச்
சாலையோரப் பள்ளத்தில் கவிழ்க்கிறார் ஒருவர்.
முனிரத்தினம். என் வீட்டுக்காரர்.
கிலோ ஒன்றரை ரூபாய்க்குப் போன அந்த வருஷம்.
படம் எடுப்பவன் சிரிக்கிற சத்தம் கேட்கிறது.
இவர் நிமிர்ந்து கேமராவைப் பார்க்கிறார்,
கோபமில்லை, யாரோ மணி கேட்டதுபோல.
பிறகு காலி கிரேட்டை எண்ணி அடுக்குகிறார்.
அது வாடகைக் கிரேட்.

அன்றைக்குச் சோற்றைப் பிசைந்தபடி
"வித்துப்போச்சு" என்றார்.
எவ்வளவுக்கு என்று நான் கேட்கவில்லை.
ஊர்க் கணக்கெல்லாம் கேட்கிறவள்.

அழித்தது அவராகத்தான் இருக்கும்.
தொட்டியைக் காலி செய்யத் தெரியாது அவருக்கு.

அறுபது எம்பிதான்.
அதை மட்டும் வெளியே எடுத்து வைத்துவிட்டு
மற்றதையெல்லாம் கொட்டினேன்.
போதவில்லை.

மறைந்திருப்பதையும் காட்டு என்று தேடியபோது
மணி பதினொன்றரை.
மூன்று ஜிபிக்கு ஒரே கோப்பு.
இந்த வீட்டில் யாரும் சேமிக்காதது.
திம்மராயன் தூக்கக் கலக்கத்தில் சொன்னார்:
"அது மெஷின் தூங்குறதுக்கு ஒதுக்கி வச்ச இடம்க்கா.
தூங்கி எழுந்தா விட்ட இடத்துலேருந்து ஆரம்பிக்கும்.
வேணாம்னா எடுத்துடலாம்."

பதினாலு வருஷமாக
இந்த வீட்டில் ஒருவர்
தூக்கத்துக்கென்று இவ்வளவு இடம் பிடித்து வைத்திருந்ததை
இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

கறுப்புத் திரையில்
அவர் சொல்லச் சொல்ல ஒரு வரி அடித்தேன்.
என்டர்.
ஒரு சத்தமும் இல்லை.

சிவப்பு, நீலமானது.
உரக்கடை சேமித்துக்கொண்டது. டயர்க்கடையும்.
தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள்
காலியான இடத்தில் ஏதோ இறங்க ஆரம்பித்திருந்தது.
அப்டேட், பதினொரு சதவீதம்.
கணினியை அணைக்க வேண்டாம்.

உள்ளறையில் அவர் புரண்டு படுக்கும் சத்தம்.
வீடியோ திரையின் நடுவில் கிடக்கிறது
பெயரில்லாமல், வெறும் எண்ணோடு.
பெயர் மாற்று என்பதை அழுத்தி
'வரவு' என்று அடித்தேன்.
அழித்தேன்.
'செலவு' என்று அடித்தேன்.

பன்னிரண்டு சதவீதம்.